பாதி வழியில் இறங்கியவர்கள்: காட்டு எல்ஃபுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். படிவம் 2 படிக்கிறான். நண்பர்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்துகிற விளையாட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிறானாம். கடையில் ரொட்டி சானாய் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

“மாமா, நான் வுட் எல்ஃப். மத்தவங்க 30 அடி நடந்தா நான் 35 அடி நடப்பேன்.”

“சரி. யாரு இவங்க?”

“காட்டுல இருப்பாங்க. அம்பு விடுவாங்க.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் பொறுக்கவில்லை. வேகமாக நடந்து, குறி தப்பாமல் அம்பு விட்டு, மரத்தோடு மரமாக மறைகிற இந்த ஆட்கள் இன்று எத்தனையோ விளையாட்டுகளில் வந்துவிட்டார்கள். ஆனால் அந்த உருவத்துக்குப் பின்னால் ஒரு முழு வரலாறு எழுதி வைத்தவர் ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன். மிடில் எர்த் என்ற அவருடைய கற்பனை உலகத்தில் காட்டு எல்ஃபுகளுக்கு மூன்று யுகத்துக் கதை இருக்கிறது. அதைத்தான் அவனுக்குச் சொன்னேன். அவனைப் போலப் புதிதாக வருகிற எவருக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் இந்த எல்ஃப் என்ற சொல். பழைய ஆங்கில–தமிழ் அகராதியைத் திறந்தால் குறளி, குட்டிச்சாத்தான் என்றெல்லாம் வரும். தேவதை என்றும் சிலர் எழுதுகிறார்கள். எதுவும் பொருந்தவில்லை. டோல்கீனின் எல்ஃப் குட்டியும் இல்லை, சாத்தானும் இல்லை. நம்மைப் போல உயரமானவர், நம்மைப் போலவே கோபப்படுபவர், காதலிப்பவர், சண்டையில் சாகக்கூடியவர். ஆனால் வயதாகிச் சாவதில்லை. இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும். மற்றபடி எல்ஃப் எல்ஃபாகவே இருக்கட்டும்.

கதை ஒரு ஏரிக்கரையில் தொடங்குகிறது. சூரியனும் சந்திரனும் இன்னும் தோன்றாத காலம். குவிவியேனென் என்ற அந்த ஏரிக்கரையில், வெறும் நட்சத்திர வெளிச்சத்தில் எல்ஃபுகள் கண் விழிக்கிறார்கள். மேற்கே கடலுக்கு அப்பால் வாலார் எனப்படும் தேவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒளி உண்டு, ஆபத்து இல்லை, எங்களோடு வந்துவிடுங்கள் என்று அவர்கள் அழைக்கிறார்கள். அந்த அழைப்புக்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதில்தான் எல்ஃப் இனங்கள் பிரிகின்றன. வன்யார், நோல்டோர், டெலெரி, அவாரி, சிண்டார், நாண்டோர் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். புதியவர்கள் புத்தகத்தை மூடுவது இந்த இடத்தில்தான்.

பையனும் இங்கேதான் கொட்டாவி விட்டான். நான் ரஜுலா கப்பலுக்குத் தாவினேன்.

பினாங்கில் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் ரஜுலா தெரியும். 1926இல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போய் வந்த கப்பல். நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, கடல் தாண்டி, முதலில் பினாங்கில் நிற்கும். பிறகு கிள்ளான் துறைமுகம், கடைசியில் சிங்கப்பூர். எங்கள் தாத்தா சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்தவர். பினாங்கில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினார். அப்படியே இருந்துவிட்டார். அவருடைய தம்பி சிங்கப்பூர் வரை போனார். இன்னொரு பங்காளி நாகப்பட்டினம் வரை பெட்டியோடு வந்து, கடலைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கி, ஊருக்கே திரும்பிவிட்டார் என்று பாட்டி சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

எல்ஃபுகளும் இப்படித்தான் பிரிந்தார்கள். கிளம்பவே மாட்டோம் என்று ஏரிக்கரையிலேயே நின்றவர்கள் அவாரி. கடல் தாண்டி மேற்கே போய்ச் சேர்ந்தவர்கள் வன்யார், நோல்டோர், அப்புறம் டெலெரியில் ஒரு பெரும்பகுதி. கடற்கரை வரை வந்து, கப்பலேறாமல் இந்தப் பக்கமே தங்கிவிட்ட டெலெரிகளுக்குச் சிண்டார் என்று பெயர். நமக்கு வேண்டியவர்கள் அவர்களுக்கும் முன்னாலேயே நின்றவர்கள். ஆண்டுவின் என்ற பெரிய ஆற்றைத் தாண்டினால் எதிரே வானம் முட்டும் மலைத்தொடர். அதைப் பார்த்ததும் லென்வே என்பவர் தலைமையில் டெலெரியில் ஒரு கூட்டம் ஆற்றின் போக்கிலேயே தெற்கே இறங்கிக் காட்டுக்குள் போய்விட்டது. இவர்களுக்கு நாண்டோர் என்று பெயர். ‘திரும்பிவிட்டவர்கள்’ என்று பொருள். போய்ச் சேர்ந்தவர்கள் வைத்த பெயர் என்பது கேட்டாலே தெரிகிறது.

ஆற்றங்கரைக் காடுகளில் தங்கிய இந்த நாண்டோரின் வழிவந்தவர்கள்தான் சில்வன் எல்ஃபுகள், அதாவது காட்டு எல்ஃபுகள். முதல் யுகத்தின் பெரிய போர்கள், பெரிய நகைகள், பெரிய துரோகங்கள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் நடந்தன. இவர்கள் அதில் இல்லை. அரசன் இல்லை, கோட்டை இல்லை, எழுதி வைத்த சரித்திரமும் இல்லை. மரத்தடியில் பாடிக்கொண்டு ஒரு யுகமே கழிந்தது. அந்தக் காலத்தைப் பற்றி நானும் இதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. லென்வேயின் மகன் டெனத்தோர் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பிற்பாடு மலை தாண்டி மேற்கே போனார். அங்கே ஓர்க்குகள் என்ற கொடிய இனத்தோடு நடந்த முதல் பெரிய போரில் அவரும் சேர வேண்டி வந்தது. எதிரிக்கு இரும்புக் கவசமும் இரும்புக் கேடயமும். இவர்களிடம் காட்டில் வேட்டைக்குப் போதுமான ஆயுதங்கள்தான் இருந்தன. டெனத்தோர் ஒரு குன்றின் மேல் மடிந்தார். அதன்பிறகு அந்தக் கூட்டம் இன்னொரு அரசனை ஏற்கவே இல்லை. இந்தக் குன்றை நினைவில் வையுங்கள், இதே தவறு இன்னொரு முறை நடக்கும்.

முதல் யுகம் முடிகிறபோது பெலேரியாண்ட் என்ற மேற்கு நிலப்பகுதியைக் கடல் கொண்டது. பூம்புகாரைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். அங்கே சிண்டார் எல்ஃபுகளின் பெருமைக்குரிய ராஜ்யமாக இருந்தது டோரியத். கடல் வருவதற்கு முன்பே அது அழிந்துவிட்டது. ஒரு நகைக்காகக் குள்ளர்கள் என்ற வேறோர் இனத்தார் அதன் அரசர் திங்கோலைக் கொன்றார்கள். அடுத்து எல்ஃபுகளே வந்து மிச்சத்தை அழித்தார்கள். அந்த டோரியத்திலிருந்து தப்பிய ஒரு பிரபு ஒரோஃபெர். இரண்டாம் யுகத்தில் அவர் தன் ஆட்களோடு கிழக்கே மலை தாண்டி, பெரும் பசுங்காடு என்று அழைக்கப்பட்ட வனத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த காட்டு எல்ஃபுகள் அவரை அரசராக ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வெளியிலிருந்து வருகிற பிரபுக்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? தங்கள் மொழியையும் வழக்கத்தையும் உள்ளூர்க்காரர்கள் தலையில் கட்டுவார்கள். ஒரோஃபெரின் கூட்டம் தலைகீழாகச் செய்தது. காட்டு எல்ஃபுகளின் பேச்சைக் கற்றுக்கொண்டது, அவர்கள் பாணியிலேயே பெயர் வைத்துக்கொண்டது. அந்தத் தேவர்களின் அழைப்பு வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போடுவதற்கு முன் எல்ஃபுகள் எப்படி எளிமையாக வாழ்ந்தார்களோ, அப்படி வாழ ஆசைப்பட்டவர்கள் அவர்கள். ஊரையே நகைக்குப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த ஆசை வருவதில் ஆச்சரியமில்லை.

ஆனாலும் மொழி தங்கவில்லை. யுகங்கள் போகப் போக, வந்தவர்களின் சிண்டாரின் மொழியே செல்வாக்குப் பெற்றது. காட்டுப் பேச்சில் சில பெயர்களும் சில சொற்களுமே மிஞ்சின. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படத்தில் வில்லோடு வருகிற லெகோலாஸ் என்ற பெயரே அந்த மிச்சங்களில் ஒன்று. சுத்தமான சிண்டாரினில் அது ‘லைகோலாஸ்’ என்று இருந்திருக்க வேண்டும். வாய்வழக்கில் தேய்ந்து லெகோலாஸ் ஆயிற்று. பொருள், பச்சிலை. அந்த மொழியில் ‘லாஸ்’ என்றால் இலை. நம்முடைய இலையோடு காதுக்கு ஒத்துப் போகிறதே என்று பிடித்துக்கொண்டு, எல்ஃபுகள் எல்லாம் தமிழர்கள் என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். அது தற்செயல்.

பக்கத்துக் காடான லோரியனில் நிம்ரோடெல் என்று ஒரு பெண் இருந்தாள். மேற்கிலிருந்து வந்தவர்கள்தான் போரைக் கொண்டுவந்து எங்கள் நிம்மதியைக் கெடுத்தார்கள் என்பது அவளுடைய வழக்கு. ஊரே காட்டுப் பேச்சை விட்டுவிட்ட பிறகும் அவள் அதில் மட்டும்தான் பேசினாள். மூன்று யுகக் கதையில் காட்டு எல்ஃபுகளின் பக்கத்திலிருந்து நேராக எழுகிற குரல் அநேகமாக இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அரசர்கள் கதை.

அரசர்கள் கதைக்கே வருவோம். இரண்டாம் யுகத்தின் கடைசியில், உலகத்தையே அடக்கியாளப் பார்த்த சவுரோன் என்ற தீயவனை எதிர்த்து எல்ஃபுகளும் மனிதர்களும் ஒன்று சேர்ந்தார்கள். இதற்குக் கடைசிக் கூட்டணி என்று பெயர். தலைமை நோல்டோர் அரசர் கில்-கலாடிடம் இருந்தது. ஒரோஃபெரும் தன் மகன் திராண்டுயிலோடு படை கொண்டுபோனார். ஆனால் அடுத்தவர் கட்டளைக்குக் கீழே நிற்க அவருக்கு மனமில்லை. இரண்டாம் யுகம் 3434. கில்-கலாட் இன்னும் சைகை காட்டவில்லை. அதற்குள் ஒரோஃபெர் தன் சிறந்த வீரர்களோடு முன்னே பாய்ந்தார். துணிச்சலில் குறைவில்லை, கவசத்தில்தான் குறை. டெனத்தோரின் குன்று மறுபடியும் வந்துவிட்டது. ஒரோஃபெர் அங்கேயே விழுந்தார். லோரியன் அரசரையும் அவருடைய ஆட்களில் பாதிக்கு மேற்பட்டவர்களையும் எதிரி சதுப்பு நிலத்துக்குள் துரத்திக் கொன்றான். ஏழு ஆண்டு முற்றுகைக்குப் பிறகு போர் முடிந்து திராண்டுயில் வீடு திரும்பியபோது, கொண்டுபோன படையில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

வயதாகிச் சாகாதவர்கள் என்று சொன்னேன் அல்லவா, இங்கேதான் அது தேவைப்படுகிறது. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் வந்திறங்கியதிலிருந்து இன்று வரை எட்டு ஒன்பது தலைமுறை ஓடியிருக்கும். ஆறேழு தலைமுறைக்கு முந்தியவர் பட்ட அடி நமக்கு வலிக்காது. எல்ஃபுகளுக்கு அந்த வசதி இல்லை. மூன்றாம் யுகம் முழுக்க, மூவாயிரம் ஆண்டுக்கு மேல், ஒரே அரசர் திராண்டுயில்தான். அப்பா விழுந்ததைப் பார்த்த அதே கண்கள்தான் மூவாயிரம் ஆண்டு ஆட்சி செய்கின்றன. மொத்த ராஜவம்சமே ஒரோஃபெர், திராண்டுயில், லெகோலாஸ் என்று மூன்று பேர். பரீட்சைக்குப் படிப்பதற்கு இதைவிடச் சுலபமான வம்சாவளி கிடைக்காது என்றேன். பையனும் ஒத்துக்கொண்டான்.

மூன்றாம் யுகம் 1050 வாக்கில் பசுங்காட்டின் மேல் ஒரு நிழல் விழுகிறது. தெற்கே டோல் குல்டூர் என்ற கோட்டையில் யாரோ குடியேறியிருக்கிறார்கள். அது சவுரோன்தான் என்று உறுதியாகத் தெரியப் பல நூற்றாண்டு ஆயிற்று. அந்தக் கோட்டை எழும்பியது எந்தக் குன்றின் மேல் என்று பாருங்கள்: ஒரோஃபெர் முதன்முதலில் அரண்மனை வைத்திருந்த அதே குன்று. காட்டின் பெயரும் மாறியது. பெரும் பசுங்காடு, மிர்க்வுட் ஆனது. இருட்டுக்காடு என்று சொல்லலாம். பெயர் மாறினாலும் பழையவர்கள் வாயில் பழைய பெயர் அவ்வளவு சீக்கிரம் போகாது. பிட் ஸ்திரீட்டுக்கு ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் என்று பெயர் வந்து எவ்வளவோ காலமாகியும், எங்கள் பாட்டிக்குக் கடைசி வரை அது பிட் ஸ்திரீட்தான்.

மிர்க்வுட் எப்படி இருக்கும்? தண்ணீர்மலைப் பக்கம், தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறியவர்களுக்கு ஓரளவு பிடிபடும். மேலே இலைகள் கூரை போட்டிருக்க, பட்டப்பகலிலும் மாலை ஆறரை மணி மாதிரி ஒரு வெளிச்சம். தலைக்கு மேல் சடசடவென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தால் முழங்கை நீளத்துக்குக் கறுப்பு ராட்சத அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டு நம்மையே பார்க்கும். மிர்க்வுட்டிலும் கறுப்பு அணில்கள் உண்டு. பசி தாங்காத பயணிகள் ஒன்றை அடித்துத் தின்று பார்த்து, வாயில் வைக்க முடியவில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்கு மேல் ஒப்பிட முடியாது. நம் மலையில் பேசுகிற சிலந்திகள் இல்லை.

நிழல் பரவப் பரவ காட்டு எல்ஃபுகள் வடக்கே நகர்ந்தார்கள். வடகிழக்கு மூலையில் ஆற்றங்கரைக் குகையொன்றைக் குடைந்து திராண்டுயில் அரண்மனை ஆக்கினார். டோரியத்திலும் திங்கோலின் அரண்மனை நிலத்தடியில்தான் இருந்தது. காட்டு மக்களின் அரசர் குகைக்குள் வாழ்வது முரண்பாடாகத் தெரியும். இழந்த ஊரை ஞாபகத்திலிருந்து திரும்பக் கட்டினார் என்று பார்த்தால் முரண்பாடு இல்லை.

அந்தக் குகையின் சரக்கறையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். காட்டில் திராட்சை விளையாது. அதனால் டோர்வினியன் என்ற தூரத்து ஊரிலிருந்து ஒயின் பீப்பாய்களில் வருகிறது. தரையில் ஒரு கதவு, அதைத் தூக்கினால் கீழே ஓடை. காலிப் பீப்பாய்களை உருட்டிவிட்டால் தண்ணீரே ஏரிக்கரை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மூன்றாம் யுகம் 2941இல் ஒரு விருந்து இரவில், அரசருக்கென்று வந்த ஒயினைச் சரக்கறைக்காரனும் காவலர் தலைவனும் ருசி பார்க்கிறேன் என்று குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறார்கள். பில்போ என்ற குட்டை ஆசாமி சாவியை உருவி, அடைபட்டிருந்த 13 குள்ளர்களை விடுவித்து, பீப்பாய்க்குள் அடைத்து ஆற்றில் தள்ளிவிடுகிறான். போவதற்கு முன் சாவிக்கொத்தைத் தூங்குகிற காவலனின் இடுப்பிலேயே திரும்ப மாட்டுகிறான், பாவம், விடிந்தால் அவனுக்குத் திட்டு கொஞ்சமாவது குறையட்டும் என்று.

இந்தக் காட்சி ‘ஹாபிட்’ நாவலில் வருகிறது, 1937. அதில் இந்த அரசருக்குப் பெயரே கிடையாது, வெறும் எல்ஃப் அரசர். திராண்டுயில் என்ற பெயர் 1954இல் வெளிவரத் தொடங்கிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில்தான் வந்தது. ஒரோஃபெர் பாய்ந்து விழுந்த கதையோ, டோல்கீன் 1973இல் இறந்த பிறகு, 1980இல் அவருடைய மகன் தொகுத்த புத்தகத்தில்தான் அச்சேறியது. அதாவது பிள்ளை முதலில் பிறந்தார், அப்பா நாற்பது ஆண்டு கழித்து வந்தார். வரலாறு பின்னோக்கி எழுதப்பட்டது. வாசிக்கிற நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ‘ஹாபிட்’ கதையின் முடிவில், புதையலுக்காகப் படைகள் எதிரெதிரே நிற்கும்போது எல்லோரும் துடிக்கிறார்கள். எல்ஃப் அரசர் மட்டும், பொன்னுக்காக ஒரு போரைத் தொடங்க எனக்கு அவசரமில்லை என்கிற மாதிரி பேசி நிற்கிறார். 1937இல் அது ஒரு நல்ல மனிதரின் நிதானம், அவ்வளவே. அப்பாவின் கதையைத் தெரிந்துகொண்டு திரும்ப வந்து படித்தால், சைகைக்குக் காத்திராமல் பாய்ந்தவரின் மகன் அங்கே நிற்கிறார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்றாம் யுகம் 3019 மார்ச் 15 அன்று, உலகமே தெற்கே நடந்த பெரிய போரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மிர்க்வுட்டும் தாக்கப்பட்டது. மரங்களுக்கு அடியில் நெருப்புக்கு நடுவே நீண்ட போர். திராண்டுயில் வென்றார். சவுரோன் வீழ்ந்த பிறகு லோரியனின் கலாட்ரியல் டோல் குல்டூரின் சுவர்களைச் சாய்த்தார். காட்டுக்கு எரின் லாஸ்கலென், பச்சிலைக் காடு என்று புதுப் பெயர் வைத்தார்கள். வடக்கு திராண்டுயிலுக்கு, தெற்கு லோரியன்காரர்களுக்கு, நடுப்பகுதி அங்கே வாழ்ந்த மனிதர்களுக்கு.

லெகோலாஸ் மட்டும் வீட்டில் தங்கவில்லை. போரின்போது தெற்கே கடற்பறவைகளின் சத்தத்தைக் கேட்டுவிட்டார். அதற்கு முன் கடலோரம் போகாதவர். அன்றிலிருந்து காட்டில் மனம் ஒட்டவில்லை. நான்காம் யுகம் 120இல் தானே ஒரு கப்பல் கட்டி, ஆண்டுவின் ஆற்றில் இறங்கி, கடல் தாண்டி மேற்கே போனார். எந்த ஆற்றங்கரையில் இவருடைய குடிகளின் முன்னோர் போதும் என்று திரும்பினார்களோ, அதே ஆறு. கூடவே ஒரு குள்ளனையும் ஏற்றிக்கொண்டார். கிம்லி என்று பெயர். கிம்லியின் அப்பா குளோயின் யார் தெரியுமா? திராண்டுயிலின் குகையில் அடைபட்டு, பீப்பாயில் உருண்டு தப்பித்த 13 பேரில் ஒருவர். அந்தச் சிறைவாசத்தை அவர் அத்தனை ஆண்டு கழித்தும் சபை நடுவே குத்திக் காட்டியவர்.

சொல்லி முடிக்கும்போது தே தாரிக் ஆறி ஆடை படிந்திருந்தது. பையன் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ‘அப்பா பெயர்’ என்று எழுதிப் பக்கத்தில் கோடு போட்டிருந்தான்.

“மாமா, எங்க ஆட்டத்துல குள்ளனா வர்ற பையன்கிட்ட நான் பேசறதே இல்ல. அவன் அப்பாவ எங்க அப்பா எதுக்குப் புடிச்சு வச்சாருன்னு ஒரு காரணம் மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”